பட்டியலில் இல்லாத பெயர்

யூதாசு விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவதற்காகத் திருத்தூதர்கள் கூடிய நிகழ்ச்சியைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இருவருடைய பெயர்கள் முன்மொழியப்படுகின்றன. சீட்டு மத்தியாவுக்கு விழுகிறது. அவருக்குத் திருச்சபை மே 14-ஆம் நாள் விழா எடுக்கிறது. மற்றவரின் பெயர் யோசேப்பு என்னும் பர்சபா. யுஸ்து என்றும் அவரை அழைத்தார்கள். நேர்மையாளர் என்பது அச்சொல்லின் பொருள். அவரும் தொடக்கமுதல் ஆண்டவரோடு இருந்தவர்தாம். தகுதியில் குறைந்தவர் அல்லர். ஆயினும் அந்த அதிகாரத்திற்குப் பிறகு அவரைப்பற்றி விவிலியத்தில் ஒரு சொல்கூட இல்லை.

மத்தியாவின் விழாவுக்கு மறையுரை தயாரிக்க அமரும்போதெல்லாம் என் எண்ணம் யுஸ்துவிடமே போய் நின்றுவிடுகிறது. அவரைத் தொடர்ந்து இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். அவர் மறைச்சாட்சியும் அல்லர், துறவியும் அல்லர். ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர். பேசில் டி ஒலிவேரா என்பது அவர் பெயர். யுஸ்துவை விலக்கியது செபத்திற்குப்பின் போடப்பட்ட சீட்டு. டி ஒலிவேராவை விலக்கியவர்கள், கதவை மூடிக்கொண்டு பேசிய நல்ல மனிதர்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்தும் செய்தி.

1991 நவம்பர் 10-ஆம் நாள், தென்னாப்பிரிக்க அணி கல்கத்தாவின் ஈடன் கார்டன் திடலில் இந்தியாவை எதிர்த்து ஆடியபோது நான் குருமட மாணவன். பொழுதுபோக்கு அறையின் தொலைக்காட்சி முன்னால் இடம் பிடிப்பதற்கே எங்களுக்குள் போட்டி. அப்போது அறநெறி இறையியல் கற்பித்த முதிய தந்தை ஒருவர் உள்ளே வந்து, "இவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கே போயிருந்தார்கள் தெரியுமா?" என்று கேட்டார். நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லைத்தான் எங்களால் சொல்ல முடிந்தது. அவர் சிரித்துவிட்டு, "ஒரு பெயரை எழுதாமல் விட்டார்கள், அதில்தான் தொடங்கியது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு மனச்சான்றைப் பற்றிய வகுப்பில் அந்தக் கதையை முழுமையாகச் சொன்னார். நானும் பின்னாள்களில் நூல்களைத் தேடிப் படித்து அதை நிறைவு செய்துகொண்டேன்.

டி ஒலிவேரா 1931-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் பிறந்தவர். அந்நாட்டுச் சட்டம் அவரைக் 'கலப்பினத்தவர்' என்று வகைப்படுத்தியது. வெள்ளையரோடு ஒரே திடலில் ஆடவும், நாட்டின் அணியில் இடம்பெறவும் அவருக்கு வழியில்லை. புனித அகுஸ்தினார் பெயர்கொண்ட உள்ளூர்க் கிளப்பில், கரடுமுரடான தரையில் ஆடிச் சதங்கள் குவித்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானொலி வருணனையாளர் ஜான் ஆர்லட்டுக்கு மடல்கள் எழுதினார். ஆர்லட்டின் முயற்சியால் 1960-இல் இலங்காசயர் வட்டாரத்தின் மிடில்டன் கிளப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர் வூஸ்டர்சயர் அணியில் சேர்ந்தார். 1966-இல் இலார்ட்ஸ் திடலில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இங்கிலாந்துக்காக முதன்முதலாக டெஸ்ட் ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. ஆனால் தம் வயதில் சில ஆண்டுகளைக் குறைத்தே அவர் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் தம்மை யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று அஞ்சினார். பொய் பொய்தான். ஆயினும் ஒருவன் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் திருடிக்கொண்ட சட்டம், அவன் குறைத்துச் சொன்ன சில ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்க முடியுமா என்று எங்கள் பேராசிரியர் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

1968-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா செல்வதாக இருந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் வெளிநாட்டுப் பயணங்களை மெரில்போன் கிரிக்கெட் கிளப், அதாவது எம்.சி.சி., நடத்திவந்தது. டி ஒலிவேரா அணியில் வந்தால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்கத் தலைமை அமைச்சர் வோர்ஸ்டர், அவரை ஏற்க மாட்டோம் என்று கோபம் பிரபுவிடம் அவ்வாண்டு மார்ச் மாதமே தெரிவித்துவிட்டார். கோபம் அச்செய்தியை எழுதி அனுப்பினார். கிளப்பின் தலைவர், செயலர், பொருளாளர் ஆகிய மூவரும் அதை அறிந்தனர். கிளப்பின் முழுக்குழுவின் முன் அதை வைக்கவில்லை. இதற்கிடையில், தென்னாப்பிரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றின் சார்பில் டி ஒலிவேராவை ஒருவர் சந்தித்தார். பயணத்துக்குத் தாம் வரவில்லை என்று அவரே முன்கூட்டி அறிவித்துவிட்டால், தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்கு 4,000 பவுன் ஊதியத்தில் பயிற்சியாளர் வேலை என்றார். அந்நாளில் அது பெருந்தொகை. டி ஒலிவேரா அதை ஏற்கவில்லை.

அவ்வாண்டுக் கோடையில் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்கு வந்தது. முதல் டெஸ்டில் டி ஒலிவேரா ஆட்டமிழக்காமல் 87 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டிலேயே நீக்கப்பட்டார். ஓவல் திடலில் நடந்த ஐந்தாம் டெஸ்டுக்கு முன் பிரிடோ என்னும் மட்டையாளர் உடல்நலமின்றி விலகவே, இவருக்கு அழைப்பு வந்தது. 31 ஓட்டங்களில் இருந்தபோது இவர் கொடுத்த பிடியை விக்கெட் காப்பாளர் ஜார்மன் தவறவிட்டார். அதன்பின் இவர் நிறுத்தியது 158-இல். கடைசி நாளில் மழை பெய்து திடல் குளமானது. பார்வையாளர்களே இறங்கித் தண்ணீரை அகற்ற உதவினார்கள். ஆஸ்திரேலியா தோல்வியிலிருந்து தப்பிவிடும் என்ற நிலையில் டி ஒலிவேராவிடம் பந்து தரப்பட்டது. அவர் வீழ்த்தியது அதே ஜார்மனை. பிறகு அண்டர்வுட் எஞ்சியவர்களை விரைந்து வீழ்த்த, சில நிமிடங்களே மீதமிருக்க இங்கிலாந்து 226 ஓட்ட வேறுபாட்டில் வென்றது.

அன்று ஆகஸ்டு 27. அன்று இரவே தேர்வுக்குழு கூடியது. தலைவர் டக் இன்சோல் உள்ளிட்ட தேர்வாளர் நால்வர், அணித்தலைவர் காலின் கௌட்ரி, எம்.சி.சி. அலுவலர்கள் ஆகியோர் பல மணிநேரம் பேசினார்கள். மறுநாள் பட்டியல் வெளியானது. அதில் டி ஒலிவேராவின் பெயர் இல்லை. வெளிநாட்டுத் திடல்களில் அவருடைய பந்துவீச்சு எடுபடாது என்பதால் அவரை மட்டையாளராக மட்டுமே கருதினோம். அவரைவிடச் சிறந்த மட்டையாளர்கள் நமக்கு இருக்கிறார்கள் என்று விளக்கம் சொல்லப்பட்டது. அச்செய்தி வானொலியில் வந்தபோது அவர் வூஸ்டர் திடலின் உடைமாற்றும் அறையில் இருந்தார். வூஸ்டர்சயருக்காக அன்றும் ஒரு சதம் அடித்திருந்தார். செய்தியைக் கேட்டு உடைந்து அழுதார்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த இரவில் அந்த அறையில் அமர்ந்திருந்தவர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரைக்கூட நிறவெறியர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கௌட்ரி இறைப்பற்று மிக்கவர், பண்பாளர். கிரிக்கெட் பதிவேடுகள் அவர் பிறந்த ஊராக நம் உதகமண்டலத்தைக் குறிக்கின்றன. ஓவலில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவர் தம்மைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்பியதாகக் கூறினார் என்று டி ஒலிவேரா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அறைக்குள் நுழைந்தபின் அந்த விருப்பம் என்னவாயிற்று? 'அவன் நிறத்துக்காக அவனை விடுவோம்' என்று அங்கே எவரும் பேசியிருக்க மாட்டார்கள். சராசரி, பந்துவீச்சு, ஆடுகளத்தின் தன்மை, அணியின் சமநிலை என்று தகுதியைப் பற்றியே பேசியிருப்பார்கள். அந்தச் சொற்களுள் ஒன்றுகூடப் பொய்யாக இருந்திருக்கத் தேவையில்லை. தகுதி என்னும் நல்ல சொல், அச்சம் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. அவ்வளவே.

திருப்பலியின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் எண்ணமும் சொல்லும் செயலும் மட்டும் இடம்பெறவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதும் இடம்பெறுகிறது. மற்ற மூன்றுக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆள் உண்டு. நான்காவதை அறிக்கையிட வருபவர்கள் மிகக் குறைவு. விடுபட்ட பெயர் பட்டியலில் இருக்காதல்லவா? ஆகவே அதை எழுதாமல் விட்டவனின் கண்ணுக்கும் அது தெரிவதில்லை.

பட்டியல் வெளியானதும் நாடே கொதித்தது. எம்.சி.சி. உறுப்பினர் சிலர் விலகினர். செப்டம்பர் 16-ஆம் நாள், தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த டாம் கார்ட்ரைட் தோள்பட்டைக் காயத்தால் விலகினார். காயம் உண்மையானதே, அப்பயணத்தில் தம் மனமும் ஒட்டவில்லை என்பதை அவர் பிற்காலத்தில் ஒளிக்கவில்லை. அவருக்குப் பதிலாக டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். கார்ட்ரைட் பந்துவீச்சாளர், டி ஒலிவேராவின் பந்துவீச்சோ வெளிநாட்டில் உதவாது என்று மூன்று வாரங்களுக்கு முன் சொல்லியிருந்தார்கள்! மறுநாளே வோர்ஸ்டர், இது எம்.சி.சி.யின் அணி அன்று, எங்கள் அரசியல் எதிரிகளின் அணி என்ற பொருள்பட முழங்கினார். செப்டம்பர் 24-இல் பயணம் கைவிடப்பட்டது. 1970-இல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வரவிருந்த பயணமும் நின்றது. அவ்வாண்டுக்குப்பின் 1992 வரை அந்நாடு ஒரு டெஸ்டும் ஆடவில்லை. 1971 ஏப்ரலில், கறுப்பின ஆட்டக்காரர் இருவரை ஆஸ்திரேலியப் பயணத்தில் சேர்க்க அரசு மறுத்தபோது, தென்னாப்பிரிக்காவின் வெள்ளை ஆட்டக்காரர்களே கேப் டவுனின் நியூலாண்ட்ஸ் திடலில் ஒரு பந்து வீசிவிட்டு வெளியேறினார்கள். தேர்வு தகுதியால் மட்டுமே அமையவேண்டும் என்று அறிக்கை தந்தார்கள். இலார்ட்ஸின் மூத்தவர்களுக்கு இரவு முழுதும் பேசியும் வராத துணிவு, அந்த இளைஞர்களுக்கு ஒரு பந்தில் வந்தது.

இக்கதையில் எனக்கு மிக நெருக்கமானவர் ஒரு குரு. டேவிட் ஷெப்பர்ட், ஆங்கிலிக்கன் சபையில் 1955-இல் திருநிலைப்படுத்தப்பட்டவர். இங்கிலாந்துக்காக 22 டெஸ்டுகள் ஆடியவர். இரண்டில் தலைமையும் ஏற்றவர். குருவான பிறகும் டெஸ்டில் சதம் அடித்தவர். 1960-இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தபோது, அதை எதிர்த்து ஆட மறுத்தார். 1968 டிசம்பரில் எம்.சி.சி.யின் சிறப்புப் பொதுக்கூட்டத்தில் நிருவாகத்தின் போக்கைக் கண்டித்துத் தீர்மானங்கள் வந்தபோது, முன்னின்று பேசியவர் அவர். துணை நின்றவர் பின்னாளில் இங்கிலாந்து அணித்தலைவரான மைக் பிரியர்லி. எதிர்வரிசையில் இருந்தவர்களில் பலர் ஷெப்பர்டின் நண்பர்கள், உடன் ஆடியவர்கள். தீர்மானங்கள் அனைத்தும் தோற்றன. ஆனால் அன்று அவர் தோற்றதாக இன்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஷெப்பர்ட் தம் கிளப்புக்கு நம்பிக்கைத் துரோகம் செய்தாரா? கிளப்பின் பெயரைக் காக்கக் கோபம் பிரபுவின் செய்தியை மறைத்துவைத்தவர்களும் தங்களைப் பற்றுறுதி உள்ளவர்கள் என்றே எண்ணியிருப்பார்கள். நிறுவனத்தின் அமைதியைக் காப்பது ஒரு பற்றுறுதி. நிறுவனம் எதற்காகத் தோன்றியதோ அதைக் காப்பது மற்றொரு பற்றுறுதி. இரண்டும் மோதாத நாள்களில் நாம் அனைவருமே உத்தமர்கள். மோதும் நாளில்தான் நாம் யாருடைய ஊழியர் என்பது வெளிப்படுகிறது. மனச்சான்றை மனிதனின் உள்ளார்ந்த திருவிடமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டது. அந்தத் திருவிடத்திற்குள் செயற்குழுவுக்கும் அலுவலகத்துக்கும் இடமில்லை; ஒவ்வொருவரும் தனியாகத்தான் நுழையவேண்டும்.

ஆட்டக்காரர்களின் பற்றுறுதியும் சோதிக்கப்பட்டது. 1982-இல் கிரகாம் கூச் தலைமையில் இங்கிலாந்து வீரர்களும், அவ்வாண்டின் பிற்பகுதியில் பந்துல வர்ணபுர தலைமையில் இலங்கை வீரர்களும், 1983-இன் தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவினரும் தடையை மீறித் தென்னாப்பிரிக்கா சென்று ஆடினார்கள். முதல் அணிக்கு 3 ஆண்டுத் தடை. இலங்கையருக்கு 25 ஆண்டுகள். மேற்கிந்தியருக்கு வாழ்நாள் தடை. பின்னவை இரண்டும் பிறகு தளர்த்தப்பட்டன. வர்ணபுர, அதே 1982 பிப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்டில் தலைமை ஏற்றவர். அவர்கள் செய்தது தவறு. எனினும் மேற்கிந்தியரில் பலர், பெரும் ஆட்டக்காரர்கள் நிறைந்த அணியில் தங்களுக்கு இடமே வராது என்று சலித்திருந்தவர்கள். பட்டியலில் இல்லாத பெயரை விலைபேச எப்போதும் ஒருவன் பணப்பையோடு காத்திருக்கிறான். அவனை மட்டும் குறைசொல்லிவிட்டுத் தேர்வாளர்கள் கை கழுவ முடியாது.

டி ஒலிவேராவிடமும் பணப்பை வந்தது. அவர் விழவில்லை. தம்மை விலக்கியவர்களைப் பொதுவில் ஏசவும் இல்லை. கைவிடப்பட்ட பயணத்துக்குப் பதிலாக நடந்த பாகிஸ்தான் பயணத்தில் டாக்கா நகரில் ஆட்டமிழக்காமல் 114 எடுத்தார். 1972 வரை மொத்தம் 44 டெஸ்டுகள் ஆடினார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இத்தோடு முடித்துக்கொண்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். எனக்கும் ஒரு தேர்வுக்குழு இருந்தது.

குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஒரு பங்கில் பணியாற்றினேன். பக்கத்துப் பங்கின் திருநாளையொட்டிக் கிரிக்கெட் போட்டி நடக்கும். எங்கள் இளைஞர் அணியில் காலனிப் பையன் ஒருவன் இருந்தான். அவனைப்போலப் பந்து வீசுபவன் அந்த வட்டாரத்திலேயே இல்லை. போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அந்த ஊரிலிருந்து செய்தி வந்தது. ஆட்டக்காரர்களுக்கு மதிய உணவு வீடுகளில் நடக்குமாம். பந்தியில் சங்கடம் வருமாம். எங்கள் பங்கின் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஒரு பையனுக்காகத் திருநாளில் தகராறு வேண்டாமே, சாமி" என்றார். நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'கூடாது' என்றும் சொல்லவில்லை. "ஆட்டத்தைப் பார்த்துத் தகுதியின்படி குழு முடிவு செய்யட்டும்" என்றேன். குழு புரிந்துகொண்டது. அண்மையில் இரண்டு ஆட்டங்களில் அவன் பந்துவீச்சு சரியாக அமையவில்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள்.

போட்டியன்று காலை அவன் வந்து, மட்டைகளையும் குச்சிகளையும் வண்டியில் ஏற்ற உதவினான். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பரவாயில்லை சாமி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான். அடுத்த ஆண்டு அவன் ஆட வரவில்லை. கோயிலுக்கு வருவதும் குறைந்தது. பிறகு வேலை தேடி வெளியூர் போய்விட்டான். அன்று நாங்கள் வென்றோம். அந்தக் கோப்பை அந்தப் பங்கு அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் நெடுங்காலம் இருந்தது. அதைத் துடைக்கும்போதெல்லாம் துணி வேகமாக ஓடும்.

மனச்சான்று பற்றிய தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். டி ஒலிவேராவின் கதை அப்போது எனக்குத் தெரியாததும் அன்று. ஆனால் அந்த இரண்டு நாள்களில் அது என் நினைவுக்கே வரவில்லை. பிறருடைய கதையில் நான் எப்போதும் ஷெப்பர்டாகவே இருந்துவிட்டேன். என் கதையில் நான் கதவை மூடிக்கொண்ட அறைக்குள் இருந்தவன் என்பது, வெகுகாலம் கழித்து ஒரு மத்தியா விழாவன்றுதான் உறைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அடக்கச் சடங்கில் அவனைச் சந்தித்தேன். நரை விழுந்திருந்தது, கூடவே வளர்ந்த மகன் ஒருவன் நின்றான். அவனைத் தனியே அழைத்து அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கி, மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ, சாமி" என்று சிரித்துவிட்டு, என் உடல்நலம் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டான். அது மன்னிப்பா, அல்லது அந்தக் கதவை எனக்குத் திறக்க அவன் விரும்பவில்லையா என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கு இல்லை என்றே எண்ணுகிறேன்.

ஷெப்பர்ட் பின்னாளில் இலிவர்பூல் ஆயரானார். அங்கே நம் கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக்கோடு தோளோடு தோள் நின்று ஏழைகளுக்காக உழைத்தார். அந்நகரின் இரு சபைப் பேராலயங்களையும் இணைக்கும் தெருவில் இருவருக்கும் நினைவுச் சிற்பம் உண்டு. அந்தத் தெருவின் பெயரே எதிர்நோக்கு என்பதுதான். 2004 முதல் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்க அணிகளின் டெஸ்ட் தொடர்களுக்கான கோப்பை டி ஒலிவேராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2011 நவம்பரில் அவர் இறந்தபோது இரு நாடுகளும் துயருற்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கோப்பைக்குப் பெயர் வைப்பது எளிது. பட்டியலில் பெயர் எழுதுவதே அரிது. முதலாவதற்கு நாற்பது ஆண்டுகள்வரை நேரம் உண்டு. இரண்டாவதற்கு ஓர் இரவுதான்.

நாமும் ஆண்டுதோறும் பட்டியல்கள் எழுதுகிறோம். பங்குப்பேரவை, பாடற்குழு, பீடச்சிறுவர், தேர் தூக்குவோர், பாதம் கழுவப்படும் பன்னிருவர். நானும் இந்த ஆண்டு எழுதினேன். இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் தாளைக் கோயிலுக்கு எடுத்துச் சென்று நற்கருணைப் பேழையின் முன் அமர்ந்து, உள்ள பெயர்களை அல்ல, இல்லாத பெயர்களை வாசிக்க முயல்கிறேன். அது நேரம் பிடிக்கிற வேலை. போன பெரிய வியாழனுக்கு முன்தினம் அப்படி அமர்ந்திருந்து, தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்து, இரண்டு பெயர்களை மாற்றி எழுதினேன். மறுநாள் காலை இருவர் வந்து காரணம் கேட்டார்கள். சொன்னேன்.